வல்லக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வல்லக்கோட்டைக்குப் போகிறோம் என்று சொன்னால் இப்போதெல்லாம் பாதிப் பேர், "ஒரகடம் பக்கம்தானே? கம்பெனி ஏரியாவாச்சே, அங்க என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஏழடி உயரத்தில் முருகன் நிற்கிற ஊர் அது. அருணகிரிநாதர் 'கோடைநகர்' என்று பெயர் சொல்லிப் பாடின ஊர். ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது அது யாருக்கு ஞாபகம் வரும்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாகப் போனால் ஒரகடம் கூட்டு ரோடு வரும். வண்டலூர் வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில் ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். அங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் வல்லக்கோட்டை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரோடு பஸ்ஸில் வந்திருக்கிறேன். அப்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏரியும் வயலும்தான். 2010-க்குப் பிறகு கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்து, இன்று வயலைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ரோட்டால்தான்.

இந்த 2026-ல் குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. சனிக்கிழமை வீடு ஒழிப்பதிலேயே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிவிட்டோம். புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, தொட்டுக்கொள்ள வடகம், நாலு பெரிய பாட்டில் தண்ணீர். (தயிர்சாதத்தில் பாலை ஜாஸ்தியாக விட்டு, தயிரைக் கொஞ்சமாக விடுங்கள். மத்தியானம் வரை புளிக்காது.)

என் பெரியவன் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் ஸ்கூலில் அவனுக்கு ஒரு வினாடி வினா. அரசியலமைப்பில் சொல்லியிருக்கும் அடிப்படைக் கடமைகள் பதினொன்றையும் வண்டியில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டே வந்தான். 1976-ல் சேர்த்தது பத்து. பதினொன்றாவது 2002-ல் வந்தது. முதல் கடமை, அரசியலமைப்பையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது. ஐந்தாவது, மதம், மொழி, வட்டாரம் என்கிற வேற்றுமைகளைத் தாண்டி எல்லா மக்களோடும் சகோதர உணர்வோடு இருப்பது. பெண்களின் கண்ணியத்துக்குக் குறைவான வழக்கங்களை விடுவது. பதினொன்றாவது பெற்றோருக்கு, ஆறு முதல் பதினாலு வயசு வரைக்கும் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். "இது உனக்கும் அப்பாவுக்கும்மா" என்று சிரித்தான். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கோயிலுக்கு 2025 ஜூலையில் கும்பாபிஷேகம் ஆகியிருக்கிறது. தைப்பூசம் நெருங்கிவிட்டதால் மஞ்சள் புடவைகளும் காவடிகளுமாக நல்ல கூட்டம். வரிசை நீளமாக இருந்தது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். வெயில் ஏறினால் குழந்தை சிணுங்க ஆரம்பித்துவிடும். மத்தியானம் நடை சாத்துவார்கள் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கிற நேரத்தை என் மாமியார் வீணாக்க மாட்டார். கோயில் கதை ஆரம்பமாகிவிடும். "பகீரதன்னு ஒரு ராஜா. ஒரு நாள் நாரதர் வந்தார். இவன் கண்டுக்கவே இல்லை. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நாரதருக்குக் கோவம். போற வழியில கோரன்னு ஒரு அசுரனைப் பாத்தார். அவன்கிட்ட, 'நீ எல்லாரையும் ஜெயிச்சேங்கற, பகீரதனை ஜெயிச்சியா?'ன்னு கிளப்பி விட்டார். கோரன் வந்தான், சண்டை போட்டான், நாட்டைப் புடுங்கிட்டான். ராஜா காட்டுக்குப் போய், நாரதர் கால்லயே விழுந்தான். அவர் துர்வாசர்கிட்ட அனுப்பினார். துர்வாசர்தான், 'பாதிரி மரத்தடியில வள்ளி தெய்வானையோட முருகன் இருக்கார், வெள்ளிக்கிழமை விரதமிருந்து கும்பிடு'ன்னார். அதான் இந்த இடம்."

தல புராணம் இப்படித்தான் சொல்கிறது. பாதிரிதான் இன்றைக்கும் இங்கே தல விருட்சம். வல்லன் என்ற அசுரனை முருகன் சம்ஹாரம் செய்தபோது, தன் பெயர் இந்த ஊருக்கு நிற்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டதால் வல்லன் கோட்டை, வல்லக்கோட்டை ஆயிற்று என்றும் ஒரு கதை உண்டு. இந்திரன் வஜ்ராயுதத்தால் உண்டாக்கினது என்று குளத்துக்கு வஜ்ர தீர்த்தம் என்று பெயர்.

பெரியவன் சும்மா இருப்பானா? "பாட்டி, நாரதர்தான் கலகம் மூட்டறவராச்சே. அவருக்கு எதுக்கு மரியாதை?" என்றான்.

நியாயமான கேள்விதான். நான் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் மாமியார் சொன்னார்: "வந்தவன் யோக்கியனான்னு பாத்துட்டா வாங்கன்னு சொல்லுவே? வாசப்படியில நிக்கறவங்களை வாங்கன்னு கூப்பிடறது அவாளுக்காக இல்லடா. உன் வாய்க்காக."

எனக்குப் பிடித்த கதை அருணகிரிநாதருடையது. திருப்போரூரில் தரிசனம் பண்ணிவிட்டு, மறுநாள் திருத்தணிக்குப் போவதாக எண்ணிக்கொண்டு படுத்தாராம். கனவில் முருகன் வந்து, 'கோடைநகரை மறந்துவிட்டாயே' என்றானாம். விழுந்தடித்துக்கொண்டு வந்து பாடினார் என்பார்கள். பெரிய ஊர்களுக்குப் போகிற வழியில் சின்ன ஊரைத் தாண்டிப் போவது அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்கள்!

வரிசை ஒரு திருப்பத்தில் நெருக்கமாயிற்று. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு இளைஞர்கள். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. அவர்களுக்குள் வேறு பாஷை பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்பு விடப் போயிருந்த ஒரு பையன் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். உடனே என் பிள்ளை, நாலு பேர் காதில் விழும்படி, "அம்மா, பாரு, இந்த வடக்கன் குறுக்க பூந்துட்டான். இவனுங்களுக்கு இதே வேலை" என்றான்.

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. சிரிப்புக் கிடைத்தால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லும் அல்லவா? அரை மணி நேரத்துக்கு முன்னால் ஐந்தாவது கடமையை ஒப்பித்த வாய்தானே இது!

கூட்டத்தில் வைத்துப் பிள்ளையை அதட்டுவது எனக்குப் பிடிக்காது. வயசுப் பையன், நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால் வீம்பு ஏறுமே தவிர புத்தி ஏறாது. அவன் கையை மட்டும் பிடித்து அழுத்தினேன். ஆனால் மாமியார் முந்திக்கொண்டார். அந்தப் பையனைப் பார்த்து, "பேட்டா, கஹா(ன்) கர்?" என்று தன் பழைய இந்தியில் கேட்டார்.

அவன் திரும்பிப் பார்த்து, "பாட்டி, ஒடிசா. கஞ்சாம் ஜில்லா. தமிழ் பேசுங்க, தெரியும்" என்றான். எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தமிழ் தெரியும் என்றால், என் பிள்ளை சொன்னதும் புரிந்திருக்கும்! அவன் அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. "நான் முதல்ல இங்கதான் நின்னேன். செருப்பு விட்டுட்டு வந்தேன். நீங்க வேணா முன்னாடி போங்க பாட்டி, கால் வலிக்கும்" என்று ஒதுங்கி நின்றான். அவன் சிநேகிதர்களும் ஒதுங்கினார்கள். மெஸ்ஸில் சமைக்கிற அம்மாதான் தமிழ் சொல்லிக் கொடுத்தாராம். மூன்று வருஷமாக ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதற்காக வேண்டுதல். இவ்வளவையும் மாமியார் இரண்டு நிமிஷத்தில் கறந்துவிட்டார்!

சந்நிதிக்குள் போனபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. ஏழடி உயரம் என்று சொல்வது வேறு, நேரில் அண்ணாந்து பார்ப்பது வேறு. இரு பக்கமும் வள்ளி தெய்வானை. தீபம் காட்டும்போது முகத்துக்கு வெளிச்சம் போய்ச் சேர ஒரு கணம் ஆகிறது. என் சின்னவள் (ஐந்து வயசு), "அம்மா, முருகன் எழுந்து நின்னு நம்மளுக்கு வணக்கம் வெக்கறாரா?" என்று கேட்டாள். அர்ச்சகர் சிரித்துவிட்டார்.

தரிசனம் முடிந்து வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம். அந்தப் பிள்ளைகள் குளத்துப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு இலை புளியோதரை கொடுத்தார். அவர்கள் போன பிறகுதான் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"உங்க தாத்தா ரயில்வேயில இருந்தாரோன்னோ, கல்யாணமான மூணாம் மாசம் என்னை கரக்பூர் கூட்டிண்டு போனார். ஏழு வருஷம் இருந்தோம். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது அவா பாஷை. கடைக்குப் போனா, 'ஏ மதராஸி'ம்பான். எனக்குப் பேரே இல்லையான்னு தோணும். ராத்திரி அழுவேன். உங்கப்பா பொறந்தது அங்கதான், தெரியுமோ? வலி எடுத்தப்ப தாத்தா டூட்டியில. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஒரியாக்காரிதான் ஓடி வந்தா. வெந்நீர் வெச்சா, ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷா வெச்சா, குழந்தையை முதல்ல கையில வாங்கினதும் அவதான். அவளுக்கு நான் மதராஸி இல்லை, 'பஹு'. மருமகள்னு அர்த்தம்."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு வடகத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியாது பாட்டி" என்றான். "உங்கப்பனுக்கே தெரியாது, அவன் குழந்தை" என்று மாமியார் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இவரோ, "பிறந்த இடம் கரக்பூர்னு என் சர்ட்டிபிகேட்லயே இருக்கே" என்று முணுமுணுத்தார்!

சகோதரிகளே, இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு தேசபக்தி இல்லை, மரியாதை இல்லை, வணக்கம் சொல்லத் தெரியவில்லை என்று நாம் அடிக்கடி புலம்புகிறோம். தேசபக்தி என்றால் கொடியேற்றுவதும் பாட்டுப் பாடுவதும்தான் நம் கண்ணில் படுகிறது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கொடிக்கு சல்யூட் அடிக்கிற பிள்ளை, அந்தக் கொடிக்குக் கீழே நிற்கிற இன்னொரு மனுஷனை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதை யாராவது கவனிக்கிறோமா?

நம் தமிழில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் நடுவே இரண்டு எழுத்துதான் கூட. 'அவன்' என்றால் ஒன்று, 'அவர்' என்றால் வேறு. ஆளைப் பார்த்து வார்த்தையை மாற்றுகிற பழக்கம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? வாட்ச்மேன் நம் அப்பா வயசு. அவரை 'ஏய், கேட்டைத் திற' என்பவர்கள் உண்டு. வேலை செய்ய வருகிற அம்மாள் 'அவ இன்னும் வரலை' ஆகிவிடுகிறாள். டாக்டர் மட்டும் 'டாக்டர் வந்தார்'. குழந்தை இதையெல்லாம் கேட்டு, யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்' என்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகமும் அழிக்காது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குப்பை வண்டி வந்தால் மூன்று வயசுக் குழந்தை 'அண்ணா வந்தாச்சு' என்று கத்தும். அந்தக் குழந்தையின் அம்மா அப்படிச் சொல்வதைக் கேட்டுத்தான். ஒரு செலவும் இல்லை பாருங்கள்.

சின்னக் குழந்தைக்கு இதையெல்லாம் நீளமாக விளக்க வேண்டாம். கடையில் காசு கொடுக்கும்போது குழந்தை கையில் கொடுத்து, 'மாமா, இந்தாங்க' என்று சொல்ல வைத்தால் போதும். பத்து தடவை சொன்னால் பதினோராவது தடவை தானாக வரும்.

கையால் கொடுப்பது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஆரம்பித்தது. கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்கள்கூட உண்டு. இவர் கம்பெனிக்கு வருகிற கொரிய அதிகாரிகள் பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும், வாங்கினாலும் இரண்டு கையும் சேர்த்துத்தான் என்று இவர் சொல்வார். விசிட்டிங் கார்டானாலும் அப்படித்தான். அவர்கள் ஊரில் வருஷப் பிறப்பன்று குழந்தைகள் பெரியவர்களை மண்டியிட்டு வணங்க, பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணிப் பணம் கொடுப்பார்களாம். நம் வீட்டில் பொங்கலன்று நடப்பதுதானே! ஜப்பானில் ஸ்கூல் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். இங்கே பிள்ளை கையில் ஸ்கூலில் துடைப்பத்தைக் கொடுத்தால் மறுநாள் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அதற்கும் காரணம் உண்டு. குறிப்பிட்ட ஜாதிப் பிள்ளைகளை மட்டும் பெருக்கச் சொன்ன கொடுமை நம் நாட்டில் இருந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் முறை வைத்தால் அது பாடம்; சில பிள்ளைக்கு மட்டும் என்றால் அது அவமானம்.

கிளம்பும்போது வல்லம் வடகால் சிப்காட் பக்கமாக வந்தோம். தூரத்தில் அடுக்கு அடுக்காகக் கட்டடங்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்காகக் கட்டின விடுதி. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவாம். ஒரே இடத்தில் 18,720 பெண்கள் தங்கலாம். யோசித்துப் பாருங்கள், ஒரு சின்ன டவுனே அது! ரோட்டோரம் ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினபோது கழுத்தில் அடையாள அட்டையோடு நாலு பெண்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். எல்லாம் பத்தொன்பது, இருபது வயசு. ஒருத்தி மணப்பாறைப் பக்கம், ஒருத்தி திண்டிவனம், இன்னொருத்தி ஜார்க்கண்ட். நாலு பேரும் ஒரே அறை. மாமியார் நிற்பதைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தாள். யாரும் சொல்லவில்லை.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்க மதிக்கறா" என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு இனிமேல் அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வரும். பொழுதெல்லாம் மிஷின் முன்னால் வேலை செய்துவிட்டு வந்த பெண் அவள். சம்பளத்தில் பாதிக்கு மேல் அம்மாவுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். அப்படிப்பட்ட பெண்களைப் பற்றி ஊரில் சிலர் எப்படிப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ராத்திரி ஷிப்ட் என்றாலே ஒரு மாதிரி இழுப்பார்கள். ஐந்தாவது கடமையின் பின்பாதி பெண்களின் கண்ணியம் பற்றியதுதானே? அதைப் பிள்ளைகள் மட்டும் ஒப்பித்தால் போதாது.

ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதரித்த கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராஜீவ் காந்தி நினைவிடம் வழியாக வந்தோம். 1991 மே 21 ராத்திரி. எனக்கு அப்போது பதினோரு வயசு. மறுநாள் தெருவில் ஒரு கடை இல்லை, பஸ் இல்லை. அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. அவரோடு போலீஸ்காரர்கள், பொதுமக்கள் என்று இன்னும் பலர் போய்விட்டார்கள். 2003-ல் அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது திறந்துவைத்த நினைவிடம் அது. ஏழு தூண்கள். சின்னவள், "ஏன் செத்துப் போனார்?" என்று கேட்டாள். "பேசித் தீர்க்கத் தெரியாதவர்கள் குண்டு வைத்தார்கள்" என்று சொன்னேன். அந்த வயசுக்கு அது போதும் என்று தோன்றிற்று.

சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் வழியாகப் பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போனோம். இது என் யோசனைதான். அன்றைக்கு ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம். தேர்தல் ஆணையம் 1950-ல் அந்தத் தேதியில் ஆரம்பித்ததால் 2011 முதல் கொண்டாடுகிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தது. ஊர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க எழுதின விதிகள்!

அங்கே இருந்த ஒருவர் விளக்கிச் சொன்னார். முப்பது குடும்பு, அதாவது நம் வார்டு மாதிரி. வயசு முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலி நிலமாவது வரி கட்டுகிற நிலமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! இவர் பலமாகச் சிரித்துவிட்டார். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், வருஷ நிர்வாகத்துக்கு ஒரு வாரியம்.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். வயசான ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக்கூடாது என்பதற்காக. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால்!

பெரியவன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "அந்தப் பையன் பேரு எழுதியிருக்கா?" என்றான். இல்லை. பெயர் இல்லாத ஒரு பையனின் கையை ஊரே நம்பியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதிதான் சொன்னதாகும். அந்தச் சபையில் நிலம் இருந்தவருக்கும், வேதம் படித்தவருக்கும்தான் இடம். பெண்களுக்கு இடமில்லை, உழுதவருக்கும் இடமில்லை. என் பிள்ளையிடம் அதையும் சொன்னேன். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1921-ல். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் போனது 1927-ல். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது 2016-ல். பழைய பெருமையைச் சொல்லுகிறபோது குறையை மறைத்தால், பிள்ளை வளர்ந்து வேறு யாரிடமோ அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு, நாம் சொன்ன பெருமையையும் சேர்த்து நம்பாமல் போய்விடும்.

குடியரசு தினத்தன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-லும் உண்டு. 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன. கிராமத்தில் இருக்கும் சகோதரிகள் ஒரு தடவையாவது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். தெரு விளக்கு, குடிதண்ணீர், கணக்கு வழக்கு என்று கேள்வி கேட்கலாம். பெரியவர்கள் எழுந்து நின்று, கோபப்படாமல் கேள்வி கேட்பதைப் பிள்ளை பார்த்தால் அதுவும் ஒரு பழக்கம்தானே.

மறுநாள் வினாடி வினாவில் பெரியவனுக்கு இரண்டாம் பரிசு. சின்னவள் ஒரு காகிதக் கொடியும் ஆரஞ்சு மிட்டாயும் கொண்டுவந்தாள். சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால் தெருவெல்லாம் கொடிகள் கீழே கிடந்தன. காகிதக் கொடியைத் தரையில் போடக்கூடாது, கிழிந்தாலும் தனியாக மரியாதையோடு அகற்ற வேண்டும் என்று கொடி விதியிலேயே இருக்கிறது. சின்னவளும் எதிர்வீட்டுக் குழந்தையும் ஒரு பையில் பொறுக்கினார்கள். முப்பத்தொன்று இருந்தது.

பெரியவன் அடியோடு மாறிவிட்டான் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போன வாரம் சிநேகிதனோடு போனில் பேசும்போது அந்த வார்த்தை பாதி வாய்க்கு வந்துவிட்டது. 'வட...' என்று ஆரம்பித்து, நான் துணி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், "அந்த ஒடிசாக்காரர் மாதிரி ஒருத்தர்டா" என்று மாற்றிக்கொண்டான். அந்தப் பக்கத்தில் சிநேகிதன் என்ன சொன்னானோ தெரியாது. "அதெல்லாம் உனக்குப் புரியாது, எங்கப்பாவே அங்க பொறந்தவருதான்" என்றான்.

பங்குனி உத்திரத்துக்கு மறுபடியும் வல்லக்கோட்டை போக வேண்டும் என்கிறார் மாமியார். அந்தப் பையன் தங்கச்சி கல்யாணம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவனை எங்கே தேடுவது என்று கேட்டால், "செருப்பு விடற இடத்துல நின்னா வராமயா போவான்" என்கிறார்.